ஆறு மில்லி தள்ளி நின்ற டேங்க்

மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் டேங்க் மாட்டுவது அரை மணி நேர வேலை. முன்னால் இரண்டு போல்ட், பின்னால் ஒன்று, இடையில் ரப்பர், அடியில் ஒரு குழாய். அவ்வளவுதான். ஆனால் சிதம்பரம் அருளப்பன் ஐயாவின் வண்டிக்கு அதன் சொந்த டேங்கைத் திரும்ப மாட்டி முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கடலூரில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒருவர் கதையில் நான் டேங்கைக் கட்டிப்பிடித்து அழுதேனாம். இன்னொருவர் கதையில் அது வெள்ளைக்காரத் துரை ஓட்டிய வண்டியாம். நான் அழவும் இல்லை, துரை எவரும் வரவும் இல்லை. போன வாரம் என் மச்சான் சேகரின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள், "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, எது நெசம்னு எங்களுக்கும் தெரியட்டும்" என்றார்கள். ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் சொல்லும்போது மரியாதைக்காக அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

என் பெயர் கலியபெருமாள். மஞ்சக்குப்பத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தேன். பத்தாவதில் பெயிலாகி வேலைக்கு வந்தேன். இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன், பிறகு பஞ்சர் ஒட்டினேன், ஐந்தாம் வருடம் இன்ஜினைத் திறக்க விட்டார்கள். கற்றுக்கொண்ட கதை இதற்கு மேல் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் முட்டி தேய்ந்துபோய் வேலையை நிறுத்திக்கொண்டேன். ஒர்க்‌ஷாப் இப்போது என் மனைவியின் தம்பி சேகர் கையில். நான் காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், எல்லோருடைய வேலையிலும் குறை சொல்வேன். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

எங்கள் பழைய முதலாளி ராஜமாணிக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெக்கானிக் கடை வைத்திருந்தவர், ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் பட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் மர நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து, "டேப்பட் லூசு, எழுதிக்க" என்பார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அதைவிட அவர் ஆளைக் கையாளும் விதம்தான் விசேஷம். வருகிறவருக்கு முதலில் டீ. பிறகு குறையைச் சொல்லச் சொல்வார். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "எப்போலேருந்து இப்படி? காலையிலயா, வெயில் ஏறினப்பறமா?" என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். வந்தவருக்குப் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை எழுதுவோம். அந்த அட்டையின் மூலையில் முதலாளி சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டால், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு ஆளுக்குத்தான் என்று அர்த்தம். எங்களில் ஒருவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரம் காற்று வாங்க வேண்டும். திரும்பி வந்து நன்றாகத் துடைத்து, டயரில் காற்று வைத்து, "ரெடி சார்" என்று சாவியைக் கொடுக்க வேண்டும். வண்டியின் சொந்தக்காரர்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் வண்டி வண்டியா இருக்கு" என்று முகம் மலர்ந்து போவார்கள். அதற்கு முதலாளி கூலி வாங்க மாட்டார். சிதம்பரத்திலிருந்து ஒரு வக்கீல் வருவார். வண்டியில் 'கிளிங் கிளிங்' என்று சத்தம் வருகிறதென்று மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் சிவப்பு வட்டம், மூன்று தடவையும் சந்தோஷமாகப் போனார். நான்காம் தடவை அவருடைய பையில் இருந்த டிபன் கேரியரையும் ஸ்பூனையும் நானே கண்டுபிடித்தேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குடா சொன்ன? இனிமே அவரு எதுக்கு நம்மகிட்ட வரப்போறாரு?" என்று திட்டினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நல்ல மனிதர். அவர் கடையில் வேலை பார்த்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அருளப்பன் ஐயா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய்க் கரும்பு எந்த நிலையில் நிற்கிறது, எப்போது வெட்டலாம் என்று பார்க்கிற வேலை. அவரிடம் ஒரு பழைய முந்நூற்றைம்பது சி.சி. வண்டி இருந்தது. அப்போதே அது பழசுதான், அவருக்கு முன்னால் ஒருவர் ஓட்டியது. கறுப்பு டேங்க், இரண்டு பக்கமும் கையால் இழுத்த தங்கக் கோடு. தானே தினமும் துடைப்பார். ஒருநாள் சாயங்காலம் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று திடீரென்று குறுக்கே திரும்ப, இவர் போய் மோதிவிட்டார். ஆளுக்கு அடி அதிகமில்லை. வண்டிக்கு முன்பக்கம் போய்விட்டது. ஃபோர்க் வளைந்து, ஃபிரேம் வளைந்து, டேங்கின் இடது பக்கத்தில் ஒரு முஷ்டி அளவுக்கு நசுங்கல். லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்தார்.

ஃபிரேமை நேராக்கியது நான். எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு பெரிய புளியமரம். மரத்தில் சங்கிலி கட்டி, கேஸ் வைத்துக் காய்ச்சி, ஜாக்கி கொடுத்து இழுத்தோம். அப்போது எல்லா ஊரிலும் அப்படித்தான். இழுத்து முடித்ததும் நூல் கட்டிப் பார்த்தேன். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்தால், சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று தெரியும். நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். நசுங்கிய டேங்குக்குப் பதிலாக மார்க்கெட்டில் கிடைத்த டூப்ளிகேட் டேங்க் ஒன்றை வாங்கி மாட்டினோம். அதன் பின் ஓட்டை ஒத்து வரவில்லை. 'டூப்ளிகேட் தானே, கோணலாத்தான் இருக்கும்' என்று சொல்லி அரத்தை எடுத்து ஓட்டையை நீளமாக அராவினேன். டேங்க் உட்கார்ந்துவிட்டது. நசுங்கிய பழைய டேங்கைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றதும் அருளப்பன் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அத ஏம்பா போடணும்? அதுதான் இந்த வண்டியோட டேங்கு" என்று கோணியில் சுற்றிப் பஸ் மேல் போட்டு ஊருக்கு எடுத்துப்போனார்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். வண்டி இடது பக்கம் இழுக்கிறதென்றார். "ஜாஸ்தி இல்ல, லேசாத்தான். பிரேக் புடிச்சா கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஓட்டினேன், ஏனென்றால் அது என் வேலை. முதலாளி நிதானமாகக் கேட்டுக்கொண்டார், டீ வாங்கிக் கொடுத்தார். "ஆக்சிடென்ட் ஆனவங்களுக்கு மனசுல ஒரு பயம் இருக்கும், அது வண்டி மேல தெரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அட்டையில் சிவப்பு வட்டம் போட்டார். நான் சில்வர் பீச்சுக்குப் போய்க் காற்று வாங்கினேன். ஐயா இன்னும் இரண்டு தடவை அதே குறையோடு வந்தார். மறுபடி சிவப்பு வட்டம், மறுபடி கடற்காற்று. மூன்றாம் தடவை சாவியை வாங்கும்போது என் முகத்தையே பார்த்து, "தம்பி, நெசமாவே ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல ஐயா, தைரியமா போங்க" என்றேன். அதன் பிறகு அவர் வரவில்லை. "பாத்தியா, கொணமாயிடுச்சு" என்றார் முதலாளி. நானும் அப்படியே நம்பினேன். முதலாளி காலமாகியும் பல வருடம் ஆகிவிட்டது.

இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று சேகர் கடை வாசலில் வந்து நின்றது. அதில் பழைய வண்டி ஒன்று, பக்கத்தில் கோணியில் சுற்றிய ஒரு மூட்டை. இறங்கி வந்தவர் செலின். அருளப்பன் ஐயாவின் மகள், சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஐயாவும் அம்மாவும் இப்போது அவரோடுதான் இருக்கிறார்கள். வண்டி பெண்ணாடம் வீட்டிலேயே பூட்டிக் கிடந்திருக்கிறது.

"அப்பாவுக்கு அடுத்த மாசம் எண்பது முடியுது அண்ணே. அவுருக்குத் தெரியாம எடுத்தாந்துட்டேன். இந்தப் பழைய டேங்கையே மாட்டி, பழைய மாதிரியே ஆக்கிக் குடுங்க. பரண் மேல வச்சிருந்தாரு. அவரு விக்கவும் விட மாட்டாரு, அதப் பத்திப் பேசினாலும் எழுந்து போயிடுவாரு."

"ஏம்மா பேச மாட்டாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? அம்மாவப் பின்னாடி வச்சிக்கிட்டு வரும்போது வடலூர் கிட்ட விழுந்துட்டாரு. பிரேக் புடிச்சிருக்காரு, வண்டி ரோட்ட விட்டு எறங்கிடுச்சு. அம்மாவுக்கு மணிக்கட்டு ஒடஞ்சிது, இன்னிக்கும் நேரா மடங்காது. அன்னிக்கி நிறுத்தினதுதான். அப்பறம் சைக்கிள் கூட ஓட்டல. ரிட்டயராகற வரைக்கும் பஸ்லயே போனாரு."

கேட்கும்போது பாவமாக இருந்தது. அதற்கு மேல் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

இன்ஜினை சேகரும் ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். டேங்க் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோணியைப் பிரித்தால் உள்ளே ஆயில் ஊற்றி, மூடியைப் பிளாஸ்டிக் போட்டுக் கட்டி வைத்திருந்தார் ஐயா. கரும்பு பார்க்கிறவருக்கு இருந்த முன்யோசனை. கடலூர் உப்புக்காற்றில் கிடந்திருந்தால் சல்லடையாகியிருக்கும், இதில் துரு மேலாகத்தான் இருந்தது. ஆயிலை வடித்து, மண்ணெண்ணெயும் இரண்டு பிடி சின்ன நட்டும் போட்டு மடியில் வைத்து ஆட்டினேன். ஒரு நாள் முழுக்க. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "பேரனத் தூக்கி வச்சிக்கச் சொன்னா முட்டி வலின்னீங்க" என்றாள். பிறகு துருவுக்கு ஆசிட், ஆசிட்டுக்குச் சோடாத் தண்ணீர், கழுவி வெயிலில் காய வைத்தேன். உள்ளே காற்றைக் கொடுத்து, வெளியே சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் அடியில் இரண்டு இடத்தில் குமிழி விட்டது. அங்கே ஈயம் வைத்தேன். பெட்ரோல் டேங்கில் சூடு வைப்பதற்கு முன்னால் வாய் வரை தண்ணீர் நிரப்பி, வேலை செய்கிற இடத்தை மட்டும் காலியாக மேலே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். காலி டேங்க் என்று நம்பி நெருப்பைக் காட்டி இமையைப் பொசுக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நசுங்கலுக்கு வெளியிலிருந்து ஒரு தகடு ஈயத்தில் பற்றவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தேன். தங்கக் கோட்டில் கை வைக்கவில்லை. அழிந்த இடம் அழிந்தபடியே இருக்கட்டும் என்று செலினும் சொல்லியிருந்தார்.

பதினொரு நாளில் டேங்க் தயார். எனக்கு ஒரு பெருமிதம். நாற்காலியை விட்டு எழுந்து, எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் மாட்டினேன். முன் போல்ட் இரண்டும் வெண்ணெயாக இறங்கின. பின் ஓட்டை நேருக்கு நேர் நிற்கவில்லை. ஃபிரேமின் ஓட்டைக்கும் டேங்கின் ஓட்டைக்கும் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு சுண்டு விரல் நகம் அளவு. தள்ளினேன், தட்டினேன், ரப்பரை மாற்றினேன். முன் போல்ட்டைக் கழற்றினால் பின்னால் உட்காரும். பின்னால் மாட்டினால் முன்னால் வராது.

"நசுங்கினதுல டேங்கு திரும்பியிருக்கும் மாமா. ரவுண்டு அரத்தப் போட்டு நாலு இழு இழுத்தா ஒக்காந்துடும். சீட்டு மூடிடப் போவுது, யாரு பாக்கப் போறா?" என்றான் சேகர்.

அரம் கையில் இருந்தது. அப்போதுதான் கழற்றி வைத்திருந்த டூப்ளிகேட் டேங்கைத் தற்செயலாகப் பார்த்தேன். அதன் பின் ஓட்டை நீளமாக, ஒரே பக்கமாக அராவப்பட்டிருந்தது. அராவிய கையும் என் கைதான். இரண்டு டேங்க், இரண்டு வேறு இடத்தில் செய்தவை, இரண்டுமே ஒரே பக்கம் ஒரே அளவு கோணலாக இருக்குமா? அரத்தைக் கீழே வைத்தேன். பழைய டவுனில் ஒருவரிடம் இதே மாடல் வண்டி, அடிபடாதது, இருக்கிறது. சேகரை இழுத்துக்கொண்டு டேங்கோடு அங்கே போனேன். மூன்று போல்ட்டும் கையாலேயே திருகி உட்கார்ந்தன.

திரும்பி வந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். பின் சக்கரத்தைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, முன் சக்கரத்தின் மேல் குண்டைத் தொங்கவிட்டேன். சக்கரம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அன்றைக்கு நான் நூல் கட்டியது அடியில், அச்சு உயரத்தில். அங்கே எல்லாம் நேர். மேலே ஹேண்டில் உட்கார்கிற குழாய் முறுக்கிக்கொண்டதை அந்த நூல் காட்டாது. ஹேண்டில் சாய்ந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் இன்னும் இழுக்கும். ஐயா வந்து சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அவர் சொல்லச் சொல்ல நான் மூன்று தடவை பீச்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். வடலூர் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஒரு அம்மாவின் மணிக்கட்டு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேகர் நல்லவன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "விடு மாமா. தெரியாம நடந்தது. ஃபிரேம இப்ப நேராக்கிடுவோம். ஒரு பைசா கேக்க வேணாம். டேங்க மாட்டிக் குடுத்துடுவோம். அவருக்கு நல்ல வண்டி கெடச்சிடும். போயி எதுக்கு நீ அவமானப்படணும்?"

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேகர் சொன்னதில் தப்பு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. வேலை சுத்தம், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவர் உட்கார்ந்து ஓட்டுவார். வண்டி நேராகப் போகும். 'ஆமா, வண்டில ஒண்ணும் இல்லதான், எனக்குத்தான் மனசு சரியில்ல போலருக்கு' என்று முடிவு கட்டிவிடுவார். நான் ஃபிரேமை நேராக்கிவிட்டால் அவர் பக்கம் சாட்சி சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. ஆகையால் தொடாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவு செய்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் தடவைதான் செலினுக்குப் போன் செய்தேன்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அண்ணே கஷ்டப்பட்டுக் கொண்டாந்தேன்!" என்று கோபப்பட்டார்.

"தெரியணும்மா. அவருக்குத்தான் மொதல்ல தெரியணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைத் தாண்டி, ஒரு சின்னத் தெருவில் வீடு. மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்கள். ஐயா மெலிந்துபோயிருந்தார், சலவைச் சட்டை மட்டும் அதே மடிப்பு. லோடு வண்டியிலிருந்து அந்த வண்டி இறங்கியதைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. உள்ளே போகத் திரும்பினார்.

"ஐயா, நான் கலியபெருமாளு. கடலூர் மெக்கானிக்கு. ஒரு நிமிசம் நில்லுங்க" என்றேன்.

நின்றார். நான் பேச்சை வளர்க்கவில்லை. முன் போல்ட் இரண்டையும் மாட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பின் ஓட்டையில் விரலை வைக்கச் சொன்னேன். இரண்டு ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று நிற்காததை விரலாலேயே தடவிப் பார்த்தார். பழைய டவுன் வண்டியில் இதே டேங்க் சரியாக உட்கார்ந்ததைச் சொன்னேன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சக்கரத்தின் சாய்வைக் காட்டினேன்.

"டேங்கு சரியா இருக்கு ஐயா. ஃபிரேமு கோணல். நேராக்கினேன்னு சொல்லி, நான்தான் கோணலா வுட்டேன். நீங்க மூணு தடவ வந்து சொன்னது அத்தனையும் உண்ம. வண்டி இடது பக்கம்தான் இழுத்துது. நாங்க கேக்கல. மன்னிச்சிடுங்க."

அவர் விரலை எடுக்கவே இல்லை. குனிந்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அப்ப… நான் இல்லியா?"

"நீங்க இல்ல ஐயா."

"அவ கையி…"

"அது உங்களால இல்ல. என்னால."

வாசற்படியில் ஐயாவின் மனைவி ரோசம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கு விழவேண்டிய திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் கோபம் என் மேல் இல்லை.

"இழுக்குதுன்னு அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? அப்பறம் ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? ஒங்களுக்கு ஓட்டத் தெரியல, ஓட்டத் தெரியலன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சனே. அப்பகூட வாயத் தொறக்கலியே?"

"மெக்கானிக்கே ஒண்ணுமில்லன்னுட்டாரு ரோசி. அப்பறம் என்னான்னு சொல்றது? எனக்கே நம்பிக்க போயிடுச்சி. கை என்னுதுதான், கோளாறு என்னுதுதான்னு நெனச்சிட்டேன்."

அந்த அம்மா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணிக்கட்டு சரியாக மடங்காத கை. இந்தத் தொழிலில் என் கை நசுங்கியிருக்கிறது, கால் சுட்டிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்தபோது வலித்த மாதிரி எதுவும் வலித்ததில்லை. ஐயா என் தோளில் தட்டி, "உள்ள வாப்பா, சாப்ட்டுப் போலாம்" என்றார். மறுக்க நினைத்தேன், முடியவில்லை. சாப்பாட்டு நடுவில் பெண்ணாடத்தில் இருக்கும் தன் மைத்துனருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "இந்தா, மெக்கானிக்கு பேசறாரு, கேளு" என்று என்னிடம் நீட்டினார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த மைத்துனர்தான் அவரை ரொம்பக் கிண்டல் செய்தவராம். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போன். மூன்றாவதில் செலினே சிரித்துவிட்டார். நானும் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஃபிரேமைத் திரும்ப நேராக்க இந்தத் தடவை புளியமரத்துக்குப் போகவில்லை. மரமும் இப்போது இல்லை. பழைய டவுனில் படகு இன்ஜின் வேலை செய்கிற லேத் பட்டறையில் கெட்டியான இரும்பு மேடை இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, வெறும் ஃபிரேமை அதில் போல்ட் போட்டு இறுக்கி, ஹேண்டில் குழாய்க்குள் நீளமான கம்பி கொடுத்து, சூடு காட்டாமல் தினமும் கொஞ்சமாகத் திருப்பினோம். ஒவ்வொரு திருப்புக்கும் தூக்குக்குண்டு, ஒவ்வொரு திருப்புக்கும் டேங்க். நான்காம் நாள் மத்தியானம் பின் போல்ட் விரலாலேயே இறங்கியது. ஸ்பேனர் தேவைப்படவில்லை. சேகர் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சிதம்பரத்தில் வண்டியை இறக்கினோம். கறுப்பு டேங்க் வெயிலில் மின்னியது, அழிந்துபோன தங்கக் கோட்டோடு. எண்பது வயதில் அவர் உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாது, நான்தான் உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ஐயா ஏறி உட்கார்ந்து சும்மா ஒரு நிமிடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தெரு முனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். "அப்பா, வேணாம்ப்பா" என்று செலின் பதறினார். அதற்குள் ரோசம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்தபடி படியிறங்கி வந்து, "கொஞ்சம் முன்னாடி தள்ளி ஒக்காருங்க" என்றார். யாரும் எதுவும் பேசுவதற்குள் பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு கை அவர் தோளில்.

நடக்கிற வேகத்தில்தான் போனார்கள். மாடு ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. தெரு முனையில் நிதானமாகத் திரும்பினார்கள். திரும்பி வரும்போது ஐயா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். வண்டி அப்படி இப்படி அசையாமல் வந்தது. ரோசம்மா பின்னாலிருந்து அந்த மடங்காத கையாலேயே அவர் முதுகில் ஒரு அடி போட்டார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"நேரா போவுதுன்னுதான் தெரிஞ்சிபோச்சில்ல! கைய வையுங்க!"